அளவெடுக்காத கால்கள்

காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போதுதான் அந்த வலி வரும். குதிகாலின் உள்பக்கம் ஆணி இறங்கியதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தால் கொஞ்சம் தணியும். நாள் முழுக்க நடந்துவிட்டு, உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே ஆணி.

என் முனைவர் பட்ட ஆய்வு நகராட்சித் தூய்மைப் பணியாளர்களைப் பற்றியது. கள ஆய்வு என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு மஸ்டர் போடும் இடத்துக்குப் போய், அவர்களோடு தெருத்தெருவாக நடந்து, தள்ளுவண்டி நிரம்பும்வரை கூடவே இருந்து, வாரத்தில் இரண்டு நாள் குப்பைக் கிடங்குக்கும் போய் வருவது. ஐந்து மாதம் இப்படி நடந்த பிறகுதான் எனக்குக் குதிகால் வலி வந்தது. நான் கையில் நோட்டோடு நடந்தவள். அவர்கள் இருபது ஆண்டுகளாகச் சுமையோடு நடப்பவர்கள். அந்த மஸ்டரில் கையெழுத்துப் போடுபவர்களில் என் அம்மாவும் ஒருவர். இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாக இருக்காது.

மருத்துவர் என் காலைத் தரையில் ஊன்றி நிற்கச் சொல்லிப் பார்த்தார். தட்டைப் பாதம் என்றார். உள்ளங்காலில் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை ஒரு தசைநார்ப் பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். நாள் முழுக்கக் கடினமான தரையில் நிற்பவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் அது குதிகாலோடு ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. இரவில் சுருங்கிக் கிடந்த பட்டை காலையில் முதல் அடியில் சட்டென்று இழுபடுவதால்தான் அந்த நேரத்து வலி. பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்துவிடும், கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் இழுத்துவிடும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்றார். கடைசியில், “நல்ல பூட்ஸா பாத்து வாங்கிக்குங்க” என்றார்.

நல்ல பூட்ஸ் எது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

குப்பைக் கிடங்கில் கண்ணாடியும் ஊசியும் கிடப்பதால் அடித்தோல் தடித்த, கணுக்கால் மறைக்கும் பூட்ஸ்தான் வேண்டும். பெண்கள் பகுதியில் இருந்தவை எல்லாம் முன்பக்கம் குவிந்து, விரல்களை நெரித்தன. என் பாதம் குட்டை, முன்பக்கம் அகலம். நீளத்துக்குச் சரியாக இருந்தால் அகலத்தில் இறுக்கும். அகலம் சரியென்றால் ஒரு விரற்கடை நீளம் கூடுதலாக இருக்கும். கடைப் பையன் ஒவ்வொரு முறையும் “போடப் போட லூஸ் ஆயிடும்க்கா” என்றான். தோல் கொஞ்சம் இளகும்தான். ஆனால் கடையிலேயே கடிக்கிற பூட்ஸ் வீட்டுக்கு வந்தும் கடிக்கும். நீளம், அகலம் இரண்டையும் அளக்கும் உலோகத் தட்டு அமெரிக்காவில் 1920களிலேயே வந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் அகலத்துக்கென்று 2ஈ, 4ஈ என்று தனிக் குறியீடே வைத்திருக்கின்றன. நான் ஏறி இறங்கிய ஒரு கடையிலும் என் காலை யாரும் அளக்கவில்லை. “என்ன நம்பர்?” என்றுதான் கேட்டார்கள்.

அலைந்து கற்றதை இங்கே சொல்லிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும். பூட்ஸ் வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் உண்மையான அளவு. போடப்போகும் சாக்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்கு வாங்குங்கள். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் எங்காவது வெளியே பிதுங்கினால் அந்த பூட்ஸ் உங்களுக்கு ஆகாது. இன்சோல் கழற்ற வராத பூட்ஸ் என்றால் அங்கேயே வைத்துவிடலாம், பின்னால் வேறு இன்சோல் போடவே முடியாது. நின்றுகொண்டு பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இரு கையாலும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடியும் இடத்தில்தான் மடிய வேண்டும். நடுவில் துணிபோல மடிந்தால் வளைவுக்குத் தாங்கல் இல்லை என்று பொருள். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி அழுத்தினால் அமுங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். விலையை நம்பாதீர்கள். நான் பார்த்ததிலேயே விலை கூடியது நடுவில்தான் மடிந்தது.

கடைசியில் ஆண்கள் பகுதியில் கிடைத்தது. 4,200 ரூபாய். உதவித்தொகை மூன்று மாதமாக வராத நேரம் அது. தோழி ஒருத்தியிடம் கடன் வாங்கினேன்.

இன்சோல் கதை இன்னும் மோசம். முதலில் மருந்துக் கடையில் ஜெல் வாங்கினேன். கையால் அமுக்கும்போது பஞ்சுபோல இருந்தது. நடந்தால் குதிகால் அதில் புதைந்து, பாதம் இன்னும் உள்ளே சாய்ந்து, முழங்காலிலும் வலி தொடங்கியது. மெத்தென்று இருப்பதெல்லாம் காலுக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். தட்டைப் பாதத்துக்கு வேண்டியது மெத்தை கிடையாது, தாங்கல். அளவெடுத்துச் செய்து தருகிறோம் என்ற இடத்தில் ஐயாயிரத்துக்கு மேல் கேட்டார்கள்.

என் காலைச் சரிசெய்தவர் பேருந்து நிலையத்துக்கு வெளியே கிழிந்த குடையின் கீழ் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் ஐயா ஒருவர். பூட்ஸை அவரிடம் கொடுத்தபோது அவர் அதைப் பார்க்கவேயில்லை. நான் போட்டிருந்த பழைய செருப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். “உள்பக்கம் தேஞ்சிருக்கு பாரும்மா. கால் உள்ள சாயுது. குதிகால்ல வலிக்குமே?” என்றார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒரு பழைய அட்டையில் என்னை நிற்க வைத்துப் பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தார். விரலை வளைவுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். சற்றுக் கெட்டியான ரப்பர் தகட்டை அளவாக அறுத்து, குதிகாலின் உள்பக்கம் உயரமாகவும் வெளிப்பக்கம் ஒன்றுமில்லாமலும் வருமாறு சீவி, அதன்மேல் மெல்லிய தகடு ஒட்டிக் கொடுத்தார். எண்பது ரூபாய். “ரெண்டு நாள் ஒரு மணி நேரம் போடு. அப்புறம் கூட்டிக்க. ஒரேயடியா போட்டா வேற எடத்துல வலிக்கும்.” மருத்துவமனையில் இதே வேலைக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது, சான்றிதழ் படிப்பு இருக்கிறது, குளிரூட்டிய அறை இருக்கிறது.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். அப்பாவிடம் என்றார். பிறகு ஒரு மருத்துவமனையின் காலணிப் பட்டறையில் ஆறு வருடம் தினக்கூலியாக எம்.சி.ஆர். செருப்பு செய்திருக்கிறார். படித்த ஆள் வந்ததும் வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். அவர் மகன் கூரியர் வேலைக்குப் போகிறான். “அவனுக்கு இது வேண்டாம்மா” என்றார். நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் கையின் அறிவை நினைத்து நெகிழ்ந்துபோய், அது தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டும் என்று எழுதுபவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தக் குடையின் கீழ் உட்கார வைப்பார்களா? அறிவைப் படிப்பாக்கி, கூலியாக்கி, எந்தச் சாதியில் பிறந்தவரும் கற்று வேலைக்கு வரும்படி செய்யுங்கள். அந்த வேலையில் முதல் இடத்தை, இதுவரை பெயரில்லாமல் செய்தவர்களுக்குக் கொடுங்கள்.

என் தாத்தாவும் செருப்புத் தைத்தவர். ஊர்க் குடும்பங்களுக்குச் செருப்பும், கவலை இறைக்கத் தோல் பறியும் தைத்துக் கொடுத்துவிட்டு, அறுவடைக்கு அறுவடை களத்தில் தானியம் வாங்கியவர். பம்புசெட் வந்ததும் பறிக்கு வேலை போயிற்று. கடைச் செருப்பு வந்ததும் செருப்புக்கும் வேலை போயிற்று. பாட்டி ஒன்று சொல்வார். பண்ணைக்காரருக்குச் செருப்புத் தைக்க அளவெடுக்க வேண்டும், ஆனால் காலைத் தொடக் கூடாது. அவர் புழுதியில் கால் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். தாத்தா குனிந்து அந்தத் தடத்தைக் குச்சியால் அளந்துகொள்வார். அளந்து தைத்த செருப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க அந்தத் தெருவுக்குள் வெறுங்காலோடு நடந்து போவார். தனக்கென்று ஒரு ஜோடி வைத்திருந்தார். தெரு முனை வந்தால் அது கக்கத்துக்குப் போய்விடும்.

பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு: திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் கம்பள நாயக்கர் தெருவில் பட்டியல் சாதி மக்கள் சுமார் 60 பேர் முதல்முறையாகச் செருப்புக் காலோடு நடந்தது 2023 டிசம்பரில். சந்திரயான் நிலவில் இறங்கி நான்கு மாதம் கழித்து. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதைத் தனியாகக் குறிப்பிட்டுக் குற்றமாக எழுத வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்புக் காணிக்கை வைக்கிறார்கள். முத்துப்பட்டன் கதை தெரிந்தவர்களுக்குக் காரணம் தெரியும். செருப்புத் தைக்கும் சாதியில் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பிய பார்ப்பன இளைஞன், பூணூலையும் குடுமியையும் விட்டுவிட்டுத் தோல் வேலை கற்றுக்கொண்ட கதை அது. காணிக்கை வைத்த செருப்பு அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார் என்பது நம்பிக்கை. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. ஆனால் ஒருவர் செருப்பு எப்படித் தேய்கிறது என்று வருடா வருடம் போய்ப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது அம்மாவின் பூட்ஸுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை மூட்டையில் கம்பூட் வந்து இறங்கும். நான் பார்த்த மூட்டையில் 7, 8, 9 என்று மூன்று அளவுகள்தான் இருந்தன. மஸ்டரில் பாதிக்கு மேல் பெண்கள், பெரும்பாலும் 4, 5 அளவுக்காரர்கள். மேஸ்திரி பெயரைக் கூப்பிடுவார், கைக்கு வந்த ஜோடியைக் கொடுப்பார், கையெழுத்து வாங்குவார். தலையை எண்ணிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். காலை அளந்து கொடுத்ததை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

5 அளவுக் காலில் 8 அளவு கம்பூட் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு அடியிலும் குதிகால் உள்ளே எழும்பி இறங்கும், தோல் உரியும். பூட்ஸ் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள விரல்கள் தாமாகவே மடங்கி இறுகும், அதனால் உள்ளங்காலும் கெண்டைக்காலும் வலிக்கும். முன்பக்கத்தில் பழைய சேலைத் துணியைத் திணித்துக்கொள்கிறார்கள். சாக்கடைத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் துணி ஊறிக் கனக்கும். அது காற்றுப் புகாத பிளாஸ்டிக். வெயில் ஏற ஏற உள்ளே வேர்வை தேங்கும். ஏற்கெனவே சேற்றுப்புண் இருந்தால் அது விரல் இடுக்கு முழுக்கப் பரவும். உள்ளே இன்சோல் என்ற பேச்சே கிடையாது, தட்டையான அடித்தட்டு மட்டும்தான். எனக்கு ஐந்து மாத நடையில் நைந்த அந்தத் தசைநார்ப் பட்டை அவர்களுக்கும் இருக்கிறது. “காலைல எந்திரிச்சா கொஞ்ச நேரம் நொண்டுவேன், அப்புறம் சரியாயிரும்” என்று என்னிடம் சொன்னவர்களை எண்ணி முடியவில்லை. வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும், அதற்கென்று ஒரு பெயர் கிடையாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நானும் அம்மா நொண்டுவதை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வந்த பிறகுதான் அதற்கு மருத்துவம் இருக்கிறது என்று தெரிந்தது.

அதிகாரிகளிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள். “நாங்க குடுக்கறோம், அவங்க போட மாட்டேங்கறாங்க.” கல்வியாளர்களும் இதை ‘விழிப்புணர்வுக் குறைபாடு’ என்று எழுதுகிறார்கள். என் துறையிலேயே அப்படி ஒரு ஆய்வேடு இருக்கிறது. போட முடியாததைக் கொடுத்துவிட்டுப் போடவில்லை என்று குற்றம் சொல்வது எனக்குப் பழக்கமான தர்க்கம்தான். இரண்டு தலைமுறைக்கு முன்னால் போடக் கூடாது என்றார்கள். இப்போது ஏன் போடவில்லை என்கிறார்கள். இரண்டு இடத்திலும் எங்கள் காலின் அளவை யாரும் கேட்கவில்லை.

போன ஆண்டு தை மாதத்தில் அம்மா கம்பூட்டைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு வேலை பார்த்திருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை பதினொரு வருடமாக. மாலையில் வீட்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்த பிறகுதான் காலில் கண்ணாடி ஏறியிருப்பது தெரிந்தது. வலிக்கவே இல்லை என்றார். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார், தனக்குத் தாங்கும் சக்தி அதிகம் என்பதுபோல. இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒப்பந்தக்காரரின் ஆள் எழுதிய அறிக்கையில், பாதுகாப்புக் காலணி வழங்கப்பட்டும் அணியாததால் ஏற்பட்ட காயம் என்று இருக்கிறது. அதன் கீழே அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது. படித்துக் காட்டாமல் வாங்கியிருக்கிறார்கள்.

வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய இடங்களில் ஒன்று நம்முடைய வேலூர். 1946இல் அங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி உதிர்வதில்லை, உணர்வு போன பிறகு தெரியாமல் ஏற்படும் காயங்களும் அழுத்தமும்தான் அவற்றைத் தின்கின்றன என்று காட்டினார். அப்படியானால் மருந்தோடு செருப்பும் மருத்துவம் ஆகிறது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் நடந்த வேலைகளின் பயனாகப் பரவியதுதான் எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் மேலே, முள் ஏறாத கெட்டி ரப்பர் கீழே. உணர்வில்லாத காலிலிருந்து கழன்று விழுந்தாலும் தெரியாது என்பதால் பின்னால் வார். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டவோ தைக்கவோதான் வேண்டும். காலுக்குக் கால் அளவெடுத்துச் செய்தார்கள். சர்க்கரை நோயால் உணர்வு குறைந்த கால்களுக்கும் இன்று மருத்துவர்கள் அதைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஜெல் மெத்தை எனக்கு ஆகவில்லை என்றேன். அம்மாவின் காலுக்கு மெத்தென்றதுதான் வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு கால்களுக்கு இரண்டு விதம். இதனால்தான் அளந்து கொடுங்கள் என்று கத்த வேண்டியிருக்கிறது.

எம்.சி.ஆருக்கும் ஒரு சோகம் உண்டு. அதன் தோற்றத்தைப் பார்த்தே, இவர் தொழுநோயாளி என்று ஊர் ஒதுங்கியது. அதனால் பலர் அதைப் போடாமல் புண்ணை வாங்கிக்கொண்டார்கள். காலில் போடுவதைப் பார்த்து ஆளை எடைபோடும் ஊரில், செருப்பு வெறும் செருப்பாக எப்போதும் இருந்ததில்லை. கம்பூட்டையும் தெருவில் அப்படித்தான் பார்க்கிறார்கள். டீக்கடைக்குப் போகும்முன் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் அக்காக்களை எனக்குத் தெரியும்.

சட்டத்தில் பூட்ஸ் இருக்கிறது. மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், கழிவுநீர்க் குழாயையும் மலக்குழியையும் சுத்தம் செய்யப் பணிக்கப்படுபவருக்கு முதலாளி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதில் பாதுகாப்பு கம்பூட்டும் உண்டு. குழிக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறவர்களைப் பற்றியே இந்த நாடு ஒரு நாள் செய்தியோடு மறந்துவிடுகிறது. தெருவில் நடந்து நடந்து தேயும் கால்களைப் பற்றி ஒரு வரிச் செய்திகூட வராது என்பது தெரியும். ஆனால் சுண்டுவிரலில் தொடங்கும் புண் அங்கேயே நிற்பதில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட இரண்டு பேரை இந்த ஒரு நகராட்சியிலேயே சந்தித்தேன். இருவரும் அருந்ததியர்.

அளக்கத் தெரியாத நாடா இது? சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்திருக்கிறது. நம் பாதங்கள் மேலைநாட்டுப் பாதங்களைவிட அகலமானவை, அந்த நாட்டு அளவுகளை அப்படியே வைத்துச் செய்வது நமக்குப் பொருந்தாது என்று கண்டு, ‘பா’ என்ற பெயரில் இந்தியர்களுக்கான புதிய அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. நான்கு மாதம் கடைகளில் அலைந்த எனக்கு அதைப் படித்தபோது, தப்பு என் காலில் இல்லை என்று ஒரு நிம்மதி. கூடவே ஒரு கேள்வி. ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் ஐரோப்பியக் கால்களின் அளவுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் பூட்ஸ் தைத்து அனுப்பும் மாநிலம் இது. அதே மாநிலத்தின் நகராட்சி டெண்டரில் கம்பூட் ஏன் இன்னும் எண்ணிக்கையாக மட்டும் எழுதப்படுகிறது?

கேட்பது பெரிய விஷயம் கிடையாது. ஒவ்வொரு தூய்மைப் பணியாளரின் இரண்டு கால்களையும் நீளம், அகலம் அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். டெண்டரில் பெண்களுக்கான அளவுகளைச் சேருங்கள். தெருக் கூட்டுபவருக்கும் சாக்கடை அள்ளுபவருக்கும் ஒரே கம்பூட் எதற்கு? தெரு வேலைக்குக் காற்றுப் புகும், அடித்தோல் தடித்த, இன்சோல் மாற்றக்கூடிய பூட்ஸ் கொடுங்கள். வருடத்துக்கு ஒன்று போதாது, இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காய மற்றொன்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளங்காலை நைலான் இழையால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. பேருந்து நிலையத்து ஐயாவைப் போன்றவர்களை அந்தப் பட்டறைகளுக்கு நிரந்தர ஊழியர்களாக எடுங்கள்.

ஒரு கூட்டத்தில் இதைப் பேசியபோது தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: “இந்தத் தொழிலையே சாதியிடமிருந்து பிடுங்க வேண்டும் என்கிறோம். நீங்கள் அதற்கு நல்ல பூட்ஸ் கேட்கிறீர்கள். சங்கிலிக்கு மெத்தை வைக்கச் சொல்கிறீர்களா?” அவர் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை. மனிதர் இறங்கும் மலக்குழிக்கு எந்தப் பாதுகாப்புச் சாதனமும் நியாயம் சேர்க்காது, அங்கே இயந்திரம்தான் இறங்க வேண்டும். ஆனால் தெருக்கள் நாளைக்கும் கூட்டப்படும். நாளைக்கு மஸ்டரில் என் அம்மா நிற்பார். தொழில் ஒழியும்வரை கால் காத்திருக்காது, அழுகிவிடும். இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். அளவான பூட்ஸ் விலை கூடியது, நிரந்தர வேலையின் சம்பளம் விலை கூடியது, மருத்துவச் சோதனை விலை கூடியது. இந்த வேலை மலிவாகக் கிடைக்கிறவரைதான் இயந்திரம் தேவையில்லை என்று இருப்பார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விவாதம் தொடர்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஸ்டர் திண்ணையில் சார்ட் பேப்பர் விரித்து, ஒவ்வொருவராக நிற்க வைத்து, பென்சிலால் கால்களைச் சுற்றி வரைந்தோம். சொல்லிக்கொடுக்கப் பேருந்து நிலையத்து ஐயா வந்திருந்தார். முதலில் யாரும் வரவில்லை. காலைக் காட்டக் கூச்சப்பட்டார்கள், பித்தவெடிப்பும் கால் ஆணியும் இருக்கும் கால் என்று. கிணற்றடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார்கள். ஒரு அக்கா, “எங்கால யாரும் இப்படித் தொட்டதில்ல சாமி” என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலைக்குள் நாற்பத்தொரு ஜோடி. அம்மாவின் இடது கால் படத்தில் நான்கு விரல்கள்.

மனுவோடு அந்த நாற்பத்தொரு தாள்களையும் சேர்த்து நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கிய எழுத்தர் தாள்கள் கோப்பைவிடப் பெரிதாக இருக்கின்றன, இணைப்பாக வைக்க முடியாது, சுருக்கி நகலெடுத்து வாருங்கள் என்றார். சுருக்கினால் அளவு போய்விடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நான்காக மடித்துச் சணல் கயிற்றால் கட்டி, பீரோவுக்கு மேலே வைத்தார். மனுவுக்குப் பதிவு எண் கொடுத்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.